எங்கன ஒக்காரணும், சார்?

1

அரசு ஆபீஸ்களில் ஒரு மிரட்டல் உண்டு. "ஒழுங்கா இருக்கியா, இல்ல தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தவா?" சினிமாவிலும் இந்த வசனம் வரும், தியேட்டரில் சிரிப்பார்கள். தண்ணியில்லாக் காடு என்றால் ராமநாதபுரம் சீமை என்று தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லஞ்சம் வாங்கி மாட்டினவர், மேலதிகாரியை எதிர்த்துப் பேசினவர், கட்சிக்காரர் கோபத்துக்கு ஆளானவர் எல்லாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கினார்கள். இறங்கின அன்றைக்கே திரும்பிப் போக மனு எழுதினார்கள்.

வெளியூர்க்காரனுக்கு இது வெறும் வசனம். இந்த மண்ணில் பிறந்தவனுக்கு அப்படியில்லை. ஒருத்தரை இங்கே அனுப்புவது தண்டனை என்றால் இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறவர்கள் யார்? அடிக்கிறவனுக்குப் பிரம்பு வேண்டும். அந்தப் பிரம்பு நாங்கள்தான். எங்கள் முகத்தைப் பார்ப்பதும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும்தான் அவர்களுக்கு விழுகிற அடி.

தண்ணியில்லாக் காடு என்பதே பாதிப் பொய் என்றும் சொல்லிவிடுகிறேன். மழை குறைச்சல்தான், வைகையின் கடைமடைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊருணியில் தண்ணி கிடந்த காலத்திலும் எங்கள் தெருக் குடத்துக்கு அது எட்டவில்லை. மழை செஞ்சது பாதி, சாதி செஞ்சது மீதி. 2018ல் மத்திய அரசு ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் விருதுநகரும் ராமநாதபுரமும் "முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள்" என்றது. பின்தங்கிய என்ற பழைய சொல்லுக்குப் பவுடர் பூசியிருக்கிறார்கள். போகட்டும்.

நான் படித்த தொடக்கப் பள்ளிக்கும் அப்படித் தண்டனையாக ஒரு வாத்தியார் வந்திருந்தார். பத்து மணி பஸ்ஸில் வருவார், மூன்றரை மணி பஸ்ஸில் போவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அதிகம் அடித்ததில்லை. எங்கப்பா கருவேல மரம் வெட்டி மூட்டம் போடுகிறவர். கரிமூட்டத்துப் புகை துணியில் ஏறும், தலைமயிரில் ஏறும், எவ்வளவு துவைச்சாலும் போகாது. அந்த வாத்தியார் முதல் நாளே என்னையும் இன்னும் ரெண்டு பையன்களையும் பார்த்து, "நீங்க சன்னலோரம் ஒக்காருங்கடா, காத்தோட்டமா இருக்கும்" என்றார். எனக்கு ஒரே சந்தோசம். சன்னலோரம் கிடைச்சிருச்சே என்று வீட்டில் போய்ச் சொன்னேன். எங்காத்தா ஒண்ணும் சொல்லாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தது. காத்தோட்டம் எனக்கில்லை, அவருக்குத்தான் என்று விளங்க எனக்கு ரொம்ப வருசம் பிடித்தது.

2

1994ல் ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் இரண்டாம் வருசம் படித்துக்கொண்டிருந்தேன். அம்பேத்கர் நூற்றாண்டு நடந்து மூன்று வருசம் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் படித்த பையன்கள் எல்லார் கையிலும் அவருடைய புத்தகம் ஒன்று இருந்த காலம். 1992ல் வந்த பாமாவின் 'கருக்கு' கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து எங்களிடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் தேங்காய் திருடியதாகப் பழி சுமத்தப்பட்ட ஒரு பெண் பிறகு ஆசிரியையாகி அதை எழுதியதைப் படித்தபோது, நாமும் வாத்தியாராகணும், நம்மைப் படுத்தின மாதிரி எந்தப் பிள்ளையையும் படுத்தக் கூடாது என்று ஒரு வைராக்கியம் வந்தது. அந்த வைராக்கியம் ஒன்றே போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கற்பித்தல் பயிற்சிக்கு என்னைப் பாம்பன் பாலத்தைத் தாண்டி, தீவில் ஒரு கடலோரக் குடியிருப்பின் பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். கூடப் படித்த பையன்கள், "ஒனக்குத் தண்ணியில்லாக் காட்டுலயும் கடைசிக் காடுடா" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். நானே தண்ணியில்லாக் காட்டுக்காரன். எனக்குக் கீழேயும் ஒரு காடு இருக்கிறது என்று கேட்டதில் உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. இதை இன்றைக்கு எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆகணும்.

அங்கே வடபக்கத்துக் கடலைப் பெண்கடல் என்றார்கள், தென்பக்கத்துக் கடலை ஆண்கடல் என்றார்கள். வாடைக் காத்துக்கு ஒரு கரை, கச்சான் காத்துக்கு ஒரு கரை என்று குடும்பங்கள் இடம் மாறும். ஆம்பளைகள் மீன்பாட்டுக்குப் போவார்கள். பொம்பளைகள் பாசி எடுக்கப் போவார்கள். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி நீர் வற்றுகிற சில நாட்களில், வத்தையில் ஏறித் தீவுகளை ஒட்டிய பார்களில் இறங்கி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பிடுங்குவார்கள். பார் கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு இதிலும் பயம் சேர்ந்துவிட்டது, வனத்துறை பிடிக்கும். பாட்டியும் முப்பாட்டியும் முங்கின கடலில் இவர்கள் திருடிகளானார்கள்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது பாடக்குறிப்பு, துணைக்கருவி, ரெக்கார்டு நோட்டு, சார்ட்டு. பயிற்சி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நம் பாடத்தைக் கவனித்து மார்க் போடுவார். அந்த மார்க்கில்தான் வேலை, அந்த வேலையில்தான் என் தங்கச்சி கல்யாணம். அவர் வருகிற நாள் தெரிந்ததும் எனக்குக் காய்ச்சல் வராத குறை. நான் எடுத்திருந்த பாடமோ காற்றும் மழையும்.

நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை. பாசி நாட்களில் விடியக்காலம் அம்மாவோடு போய்விட்டு நேரம் கழித்து வரும். தலைமயிர் காயாமல் உப்புப் பூத்திருக்கும், விரலில் துணி அவிழ்க்காமல் இருக்கும். பாசி வாடையும் கவிச்சி வாடையும் சேர்ந்து வரும். மறுநாள் மார்க் போட ஆள் வருகிறது. நான் அந்தப் பிள்ளையையும் இன்னும் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "நீங்க சன்னலோரம் ஒக்காருங்கப்பா, காத்தோட்டமா இருக்கும்" என்றேன்.

அட்சரம் பிசகாமல் அதே வார்த்தை. சொல்லும்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நல்ல வாத்தியாராகப் பேசினதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளையின் அம்மா வந்தாக. சண்டைக்கு வரவில்லை. வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டாக.

"ஏந்தம்பி, பிள்ளைய எதுக்கு எடம் மாத்துனீக?"

"காத்து நல்லா வரும்னுதான்க்கா."

"காத்து எங்களுக்குத் தெரியும் தம்பி. இப்ப அடிக்கிறது கச்சான். அந்தச் சன்னல் வழியா அது உள்ள வராது, வெளியதான் போகும்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாக. நான் நாளைக்குக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்தப் போகிறவன். வண்ண அட்டையில் அம்புக்குறி எல்லாம் போட்டு வைத்திருந்தேன். எந்தச் சன்னலில் காற்று வரும், எதில் போகும் என்று எனக்குத் தெரியாது. அது மட்டுமில்லை, வாடையை வெளியே தள்ளத்தான் பிள்ளைகளை அங்கே உட்கார வைத்தேன் என்று அந்தம்மா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனதும் விளங்கியது.

மறுநாள் அந்தப் பிள்ளை வரவில்லை. பாடம் நன்றாக நடந்தது. கடைசி பெஞ்சில் இருந்தவர் தலையாட்டினார். எனக்கு நல்ல மார்க் கிடைத்தது.

3

பள்ளிக்கூடத்தில் யார் எங்கே உட்காருவது என்பது சின்ன விஷயம் இல்லை தோழர்களே. நம் வரலாற்றில் பெரிய பெரிய விஷயங்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

சாத்தாராவில் சின்னப் பையனாக அம்பேத்கர் படித்தபோது வகுப்பின் ஒரு மூலையில் தனியாக ஒரு சாக்குத் துணியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிற ஆள் அந்தச் சாக்கைத் தொட மாட்டார். அதனால் சாயங்காலம் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் மறுநாள் கொண்டுவர வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது. ஆசிரியரிடம் அனுமதி வாங்கினால் மட்டும் போதாது, பியூன் வந்து திறந்துவிடணும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சுயசரிதைக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

படிக்கிற எல்லாரும் பியூனைத்தான் பார்க்கிறோம். நான் வாத்தியார் என்பதால் என் கண் வாத்தியாரிடம் போகிறது. அவர் அனுமதி கொடுத்தார். மறுக்கவில்லை. குடிச்சிட்டு வாடா என்று அன்பாகக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் எழுந்து போய் அவரே குழாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் உட்காருகிற நாற்காலி என்னாகும்? அன்பான ஆசிரியருக்கும் நல்ல ஆசிரியருக்கும் நடுவில் அந்தக் குழாய் இருக்கிறது.

இன்னொரு கதை நான் பயிற்சிக்குப் போன அதே தீவில் நடந்தது. அப்துல் கலாம் 1999ல் வெளியான 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் அவர் ஐந்தாம் வகுப்பு படித்தபோது புதிதாக ஒரு ஆசிரியர் வந்தார். முன்வரிசையில் குல்லாய் போட்ட முஸ்லிம் பையனும் பூணூல் போட்ட அர்ச்சகர் மகனும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கலாமைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார். ரெண்டு பிள்ளைகளும் வீட்டில் போய்ச் சொல்ல, கோயிலின் தலைமை அர்ச்சகரான லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினார். பிஞ்சு மனசில் விஷத்தைக் கலக்காதே, மன்னிப்புக் கேள், இல்லையென்றால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போ என்று கண்டித்தார். அந்த இளம் ஆசிரியர் வருந்தினார், திருந்தினார்.

மேடைகளில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மத நல்லிணக்கத்துக்கு உதாரணம் காட்டுகிறார்கள். காட்டட்டும், நல்ல கதைதான். லட்சுமண சாஸ்திரி செய்ததும் பெரிய காரியம்தான். ஆனால் எங்கள் தெருவிலிருந்து இந்தக் கதையைப் படித்தால் வேறொரு கேள்வி வருகிறது. அந்த வாத்தியாரைத் திருத்தினது யார்? அவரைத் தீவை விட்டே துரத்துகிற பலம் உள்ளவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அர்ச்சகர் மகனாக இல்லாமல் ஒரு பாசிக்காரி மகனாக இருந்திருந்தால்? கூப்பிட்டனுப்ப யார் இருந்திருப்பார்கள்? கூப்பிட்டிருந்தாலும் அந்த வாத்தியார் போயிருப்பாரா?

என்னைக் கேட்க வந்தது ஒரு பாசிக்காரி. அந்தம்மாவால் என்னைத் தீவை விட்டுப் போகச் சொல்ல முடியாது. வாசல்படி தாண்டி உள்ளே வரக்கூட அந்தம்மா தயங்கினாக. நான் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பியிருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. மார்க் குறையாது, யாருக்கும் தெரியாது. ஆசிரிய அறம் என்று நாம் பேசுவதற்கு அர்த்தம் இருக்குமானால் அது இந்த இடத்தில்தான் இருக்க முடியும். நமக்கு மேலே இருப்பவர் கேட்டால் எல்லாரும் பதில் சொல்வோம். நமக்கு ஒரு கெடுதலும் செய்ய முடியாத ஒருத்தர் கேட்டால் பதில் சொல்வோமா?

4

மூன்று நாள் நான் தூங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் பொய். தூங்கினேன். ஆனால் கரிமூட்டத்துப் புகை மூக்கில் வந்துகொண்டே இருந்தது. நாலாம் நாள் அந்தம்மா வீட்டைத் தேடிப் போனேன். ஓலை வீடு, வாசலில் பாசியைக் காயப்போட்டிருந்தது. உட்காரச் சொல்லிக் கடுங்காப்பி கொடுத்தாக.

இங்கே இன்னொரு உண்மையைச் சொல்லணும். அந்த ஊரில் நான் என் சாதியைச் சொல்லவில்லை. எந்த ஊர் என்று கேட்டால் பஸ் நிறுத்தத்தின் பேரைச் சொல்வேன், தெருவைச் சொல்ல மாட்டேன். 1957ல் பரமக்குடியில் இமானுவேல் சேகரனைக் கொன்ற மாவட்டம் இது. எங்கள் பக்கம் ஊர்ப் பேரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் குவளை மாறும். கடலோரத்துச் சாதிகளுக்கு நாங்கள் மேலா கீழா, அவர்கள் எங்கள் கையில் தண்ணி வாங்குவார்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் மறைத்தேன். அன்றைக்குக் காப்பிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அக்கா, நாங்க காலனி ஆளுக. எங்கப்பா கரிமூட்டம் போடுறவரு. என்னையும் சின்ன வயசுல இப்பிடித்தான் சன்னலோரம் ஒக்கார வச்சாக."

கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அந்தம்மா மனசு இளகி, பரவாயில்ல தம்பி என்று சொல்வாக என்று எதிர்பார்த்தேன் போல. அந்தம்மா பாசியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாக.

"சரி தம்பி. ஒங்களை ஒக்கார வச்சதுக்கும் எம்பிள்ளைய நீங்க ஒக்கார வச்சதுக்கும் என்ன சம்பந்தம்?"

எனக்கு வாய் அடைத்துப் போனது. கொஞ்ச நேரம் கழித்து அந்தம்மாவே சொன்னாக: "எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? பிள்ளைகிட்டச் சொல்லுங்க."

நான் பட்ட காயத்தைக் காட்டி மன்னிப்பு வாங்கப் போயிருக்கிறேன். காயத்தை ரசீது மாதிரி நீட்டியிருக்கிறேன். அந்தம்மா ரசீதை வாங்கவில்லை. சாதியைக் கேட்டு முகம் சுளிக்கவும் இல்லை, இரக்கப்படவும் இல்லை. காப்பியை மட்டும் குடிக்கச் சொன்னாக. அந்தப் பிள்ளைக்கு நான் செய்தது என்ன என்ற ஒரே இடத்தில் நின்றாக.

மறுநாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். "ஒங்க மூணு பேரையும் நான் சன்னலோரம் ஒக்கார வச்சது தப்பு. காத்துக்காக இல்ல, வாடைக்காகத்தான் வச்சேன். இனி அப்பிடிச் செய்ய மாட்டேன்." பெரிய உபதேசம் செய்துவிட்ட மாதிரி நெஞ்சு படபடத்தது. பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை மட்டும் எழுந்து நின்று கேட்டது.

"அப்ப இப்ப எங்கன ஒக்காரணும், சார்?"

இந்தக் கேள்விக்கு என் பாடக்குறிப்பில் பதில் இல்லை. "எங்கன வேணும்னாலும்" என்றேன். அது நம்பவில்லை. வாத்தியார் சொல்லாமல் ஒரு இடத்தில் எப்படி உட்காருவது? வகுப்பு முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்துவிட்டு, கடைசியில் கரும்பலகை பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அந்தக் காலத்தில் நான் கற்றுக்கொடுத்ததில் எது நின்றது என்று தெரியாது. நான் கற்றுக்கொண்டதில் நின்றது அந்தக் கேள்விதான்.

5

தலித் பிள்ளைகளுக்குத் தலித் ஆசிரியர், கடலோரத்துக்குக் கடலோரத்து ஆசிரியர் என்று நாம் கேட்கிறோம். சரியான கோரிக்கை. நானும் கொடி பிடித்திருக்கிறேன், இனியும் பிடிப்பேன். உலகத்தின் மறுகோடியில், கனடாவின் வடதுருவப் பனிப்பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் கதையும் இதுதான். அவர்கள் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்துத் தாய்மொழியை மறக்கடித்தார்கள். அந்த நாட்டின் பூர்வகுடிகள் எல்லாரையும் இப்படிச் செய்ததற்கு 2008ல்தான் கனடா அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. இன்றைக்கும் தெற்கிலிருந்து அங்கே போகிற ஆசிரியர்கள் ஓரிரு வருசத்தில் பெட்டியைக் கட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அதனால்தான் அந்த மக்கள் தங்கள் பிள்ளைகளையே ஆசிரியராக்கப் பயிற்சி நடத்துகிறார்கள். தண்ணியில்லாக் காடு, தண்ணியெல்லாம் உறைந்த காடு, ரெண்டுக்கும் ஒரே பஸ் அட்டவணைதான்.

ஆனால் அடிபட்டவன் அடிக்க மாட்டான் என்று உத்தரவாதம் இல்லை. அதற்கு நானே சாட்சி. என் சாதி என்னை அந்தத் தப்பிலிருந்து காப்பாற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் நாற்காலியின் மூக்கு எனக்கு முளைத்துவிட்டது. பாவ்லோ பிரையரே இதைத்தான் எச்சரித்தார். ஒடுக்கப்பட்டவன் தனக்குள் ஒடுக்குகிறவனைக் குடிவைத்திருக்கிறான், மனுசனாவது என்றால் அவனைப் போல ஆவது என்று நினைத்துக்கொள்கிறான் என்றார். நாம் அதைக் கூட்டங்களில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

இன்னொரு பக்கம், தியாகம் என்ற பேச்சும் வேண்டாம். தூரமான ஊருக்குப் போய்ப் பாடம் நடத்துகிறவரைத் தியாகி என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். தண்டனை என்பதும் தியாகம் என்பதும் ஒரே காசின் ரெண்டு பக்கம். ரெண்டிலும் அந்த ஊர் கஷ்டம், அந்தப் பிள்ளைகள் பாரம். தூரம் என்பது யாருக்குத் தூரம்? 1848ல் சாவித்திரிபாய் பூலே பாடம் நடத்தப் போனது புனே நகரத்தின் நடுவில்தான், நடந்து போகிற தூரம். அந்த நடையில் அவர் மேல் சாணியும் சேறும் விழுந்தன. மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டு போனார். இந்தியாவில் ஒரு ஆசிரியை நடந்த மிக நீளமான தூரம் அதுதான்.

தண்டனையாக அனுப்பப்பட்ட ஒருவர் என்ன செய்யலாம் என்பதற்கு இத்தாலியில் ஒரு உதாரணம் உண்டு. லொரென்சோ மிலானி என்ற பாதிரியார். அவருடைய கருத்துகள் பிடிக்காமல் மேலிடம் 1954ல் அவரைப் பார்பியானா என்ற மலைக் குடியிருப்புக்குத் தள்ளியது. சரியான ரோடு கிடையாது, கரண்டு கிடையாது, சிதறிக் கிடந்த சில விவசாயக் குடும்பங்கள். அங்கே போனதுமே அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்த ஊர் இடுகாட்டில் தனக்கு ஒரு குழி வாங்கியது. மாறுதல் மனு எழுதவில்லை. இங்கேதான் சாகப்போகிறேன் என்று அறிவித்துவிட்டு, பரீட்சையில் தோற்றுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1967ல் அந்தப் பள்ளியின் எட்டுப் பையன்கள் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த ஒரு ஆசிரியைக்கு எழுதுவதாக ஒரு புத்தகம் எழுதினார்கள். யாரைத் தோற்கடித்தீர்கள், எந்த வேலை செய்கிறவன் பிள்ளையைத் தோற்கடித்தீர்கள் என்று புள்ளிவிவரத்தோடு கேட்டார்கள். அதே வருசம் மிலானி செத்தார், அந்த ஊரிலேயே புதைத்தார்கள்.

நான் அதில் பார்ப்பது குழியை இல்லை. எல்லாரும் அந்தந்த ஊரில் குழி வாங்கவும் முடியாது. நான் பார்ப்பது அந்தப் பையன்கள் போட்ட மார்க்கை. வாத்தியாருக்குப் பிள்ளைகள் மார்க் போட்டார்கள். என் பயிற்சியில் எனக்கு மார்க் போட்டவர் கடைசி பெஞ்சில் இருந்தார். அந்த அம்மாவின் பெயருக்கு ரெக்கார்டு நோட்டில் கட்டமே இல்லை. இருந்திருந்தால் நான் பெயிலாகியிருப்பேன். நல்ல ஆசிரியர் யார் என்று என்னைக் கேட்டால், தன்னை யார் கேள்வி கேட்க முடியாதோ அவர்களிடம் பதில் சொல்லக் கட்டுப்பட்டவர் என்பேன். திறமை, அன்பு, பொறுமை எல்லாம் அதற்குப் பிறகு.

6

இதை மனசு சுத்தமானால் போதும் என்று விட்டுவிட முடியாது. மனசு என்பது பஸ் ஏறும்போது மாறிவிடும். ஏற்பாடு வேண்டும். 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு ஒரு ஏற்பாட்டைத் தருகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்களாக இருக்கணும், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் வேண்டும். தாளில் இது சாதாரண விஷயம் இல்லை. பாசிக்காரியும் கரிமூட்டக்காரனும் வாத்தியார் முன்னால் நாற்காலி போட்டு உட்காரலாம் என்று சட்டம் சொல்கிறது.

நடப்பது என்ன? கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்கு வைப்பார்கள். அந்த நேரத்தில் வத்தை கடலில் நிற்கும். நோட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். நான் வேலை பார்த்த பள்ளிகளில் கூட்டத்தை நீர் ஏற்றம் பார்த்து வைக்கச் சொல்லி வாதாடியிருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமி பக்கத்தில் வேண்டாம், விளக்கு வைக்கிற நேரத்தில் வைப்போம் என்பேன். சக ஆசிரியர்கள் பஸ் போய்விடும் என்பார்கள். சில மாசம் ஜெயித்தேன், பல மாசம் தோற்றேன். வந்த தாய்மார் முதல் கூட்டத்தில் பேசவில்லை, ரெண்டாவதிலும் பேசவில்லை. மூன்றாவதில் ஒருத்தர், "ஏன் சார், எங்க பிள்ளைக பேரைச் சொல்லாம ஏ கவிச்சி, ஏ உப்புன்னு கூப்புடுறாகளாமே" என்று ஆரம்பித்தாக. அன்றைக்குப் பல பேர் பஸ்ஸை விட்டார்கள்.

வகுப்பில் நான் செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு வருசமும் முதல் நாள் "யாரு எங்கன ஒக்காரப் போறீங்க, ஏன்?" என்று பிள்ளைகளையே கேட்பேன். அவர்கள் பேசி முடிவு செய்வார்கள், வாரத்துக்கு ஒரு தரம் மாறுவார்கள். சத்தம் போடுவார்கள், சண்டை வரும், சாதியும் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கும்போது பேசுவோம். ஒரு பாட வேளை போய்விடும். போகட்டும்.

தனுஷ்கோடிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தது, ரயிலோடு சனங்கள் செத்தார்கள். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இடிந்த சர்ச்சைப் போட்டோ எடுக்கிறவர்கள் பக்கத்தில் இடிந்து நிற்கும் பள்ளிக்கூடச் சுவரையும் பார்க்கலாம். அரசு அறிவித்த பிறகும் மீன்பாட்டுச் சனங்கள் அங்கேதான் ஓலைக் குடிசை போட்டு இருந்தார்கள், பிள்ளை பெற்றார்கள். சனமே இல்லை என்று எழுதின இடத்துக்குப் பள்ளிக்கூடமும் வாத்தியாரும் மறுபடி வர எத்தனையோ பத்தாண்டுகள் ஆயின. அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு 2017ல் வந்தது. அது யாத்திரைக்காரர்களுக்கும் டூரிஸ்டுகளுக்குமாக வந்தது. ரோடு வந்துவிட்டால் தூரம் போய்விடுமா?

நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. போன வருசம் பஸ்ஸில் ரெண்டு பயிற்சி மாணவர்கள் முன்சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருப் பையன்கள் மாதிரிதான் இருந்தார்கள். ஒருத்தன் சொன்னான்: "எனக்குக் கடைசித் தண்ணியில்லாக் காடுடா, கவிச்சி நாத்தம் வேற." மற்றவன் சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. என் குரலைத்தான் கேட்டேன். பாம்பன் பாலம் ஏறுகிற வரைக்கும் யோசித்துவிட்டு, அவர்களைக் கேட்டேன்.

"தம்பி, ஒங்க வகுப்புல யாரு எங்கன ஒக்காருறாக?"

ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது அவுங்க பாட்டுக்கு ஒக்காருவாங்க சார்" என்றான் ஒருத்தன். மற்றவன் எதுவும் சொல்லவில்லை, சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் ஏதோ ஞாபகம் வந்திருக்கலாம்.